புரட்டாதி வரட்சியும் பெரும்போக விதைப்பும்

ஆவணி பிறந்து புரட்டாதி முடியும் வரை இலங்கையின் வரண்ட வலயத்தில் நிலம் ஒரே தோற்றத்தில்தான் கிடக்கும். சிறுபோக அறுவடை முடிந்த வயலில் அரிதாள் காய்ந்து நிற்கும். குளத்தின் அடி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். பகல் முழுவதும் காற்று புழுதியை வாரி இறைக்கும். இது ஓய்வுக்காலம் என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் அடுத்த பெரும்போகம் நன்றாக விளையுமா, விளையாதா என்பதில் பாதி இந்த இரண்டு மாதங்களில் முடிவாகிவிடுகிறது. இக்காலத்துக் காற்றும் வெயிலும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கமக்காரர் அறிந்து வைத்திருந்தால், எப்போது உழுவது, எப்போது விதைப்பது, கிணற்றில் எவ்வளவு இறைப்பது என்பவற்றைத் தாமே கணக்கிட்டு முடிவு செய்யலாம்.

தீவின் நான்கு பருவங்கள்

இலங்கையின் ஆண்டை மழையைக் கொண்டு நான்காகப் பிரிப்பர். மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலம். ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றுக் காலம்.

இவற்றுள் தென்மேல் பருவக்காற்று ஐந்து மாதங்கள் வீசினாலும், அதன் மழை தீவின் தென்மேற்குப் பகுதிக்கே பெரிதும் சேருகிறது. வடக்கு, கிழக்கு, வடமத்தி ஆகிய பகுதிகளுக்கு அது வெறுங்காற்றாகவே வந்து சேரும். யாழ்ப்பாணத்தார் இதனைச் சோளகம் என்பர். மட்டக்களப்புப் பகுதியில் மேற்கிலிருந்து அனலாக வீசுவதைக் கச்சான் காற்று என்பர். பெயர் வேறானாலும் பருவம் ஒன்றே.

ஒரே காற்று, இரண்டு முகம்

தென்மேல் காற்று இந்து சமுத்திரத்தின் மீது நெடுந்தூரம் வருவதால் ஈரம் நிறைந்தது. அது மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல ஈரத்தைத் தாங்க இயலாது. அந்த ஈரமே முகிலாகி மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்வதற்கு இதுவே காரணம்.

மலையைத் தாண்டியதும் அதே காற்று கிழக்குச் சரிவில் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறும். முகில் உண்டாகி மேலேறும்போது ஆயிரம் மீற்றருக்கு 5, 6 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்த காற்று, ஈரத்தை இழந்து இறங்கும்போது ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வரை சூடேறுகிறது. ஆகவே ஏறியபோது இருந்ததை விடக் கூடிய சூட்டோடும் குறைந்த ஈரத்தோடும் அது மறுபக்கச் சமவெளியை அடைகிறது. கச்சான் காற்று உடலைச் சுடுவதும், பயிரின் இலையைப் பிற்பகலில் சுருளச் செய்வதும் இதனாலேயே.

வடக்கில் நிலைமை சற்று வேறு. மன்னார், யாழ்ப்பாணம் ஆகியன தட்டையான நிலங்கள். காற்றை மேலே தூக்கிக் குளிரச் செய்ய அங்கு மலை எதுவுமில்லை. எனவே ஈரம் இருந்தும் அது மழையாகாமல் தலைக்கு மேலே கடந்து போய்விடுகிறது. வானில் முகில் ஓடுவதைக் கண்டு மழை வரும் எனக் காத்திருப்பது சோளகக் காலத்தில் பெரும்பாலும் வீண்.

வெயிலும் நெற்கதிரும்

இப்பகுதிகளில் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் பகல் வெப்பநிலை 33, 34 பாகைக்கு ஏறுவது வழக்கம். சில நாட்களில் 35 பாகையையும் தாண்டும். நெற்பயிர் பூக்கும் நேரத்தில் வெப்பநிலை 35 பாகைக்கு மேற்போனால் மகரந்தம் கெட்டுக் கதிரில் பதர் கூடும். சிறுபோகத்தைத் தாமதித்து விதைத்தவர்களின் வயலில் பயிர் பச்சையாக நின்றும் விளைச்சல் குறைவதற்கு நீர்ப்பற்றாக்குறையோடு இதுவும் ஒரு காரணமாகும். ஏப்ரல் மழையோடு சிறுபோகத்தைத் தொடங்கிவிட்டால் இக்கொடும் வெயிலுக்கு முன்பே கதிர் முற்றிவிடும்.

குளத்து நீர் எங்கே போகிறது?

வாய்க்காலில் விடாமலே குளத்து நீர் குறைவதைக் கமக்காரர் பார்த்திருப்பர். நீர் நிலத்துள் கசிவது ஒரு பக்கம். காற்றோடு ஆவியாகப் போவது மறுபக்கம். காற்றும் வெயிலும் மிகுந்த இக்காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டாலும், அறுபது நாட்களில் 300 மில்லிமீற்றர், அதாவது ஓரடி நீர் மறைந்துவிடும். சிறிய ஊர்க்குளங்கள் சில அடி ஆழமே உள்ளவை. அவற்றுக்கு ஓரடி என்பது பெரிய இழப்பு.

இதனை முற்றாகத் தடுக்க முடியாது, குறைக்க முடியும். குளத்தின் மேற்புறக் கரையில் முற்காலத்தவர் மரங்களை அடர்த்தியாக விட்டுவைத்தது காற்றின் வேகத்தைத் தணிப்பதற்கே. அம்மரங்களை விறகுக்காக வெட்டியழிப்பது குளத்து நீரைக் காற்றுக்குக் கொடுப்பதற்குச் சமம். குளம் தூர்ந்து அகலமாகவும் ஆழமின்றியும் ஆகும்போது ஆவியாகும் பரப்பு கூடுகிறது. நீர் வற்றிய இக்காலத்தில் ஊரார் கூடி உரிய அதிகாரிகளின் அனுமதியோடு வண்டலை அள்ளினால், குளமும் ஆழமாகும். வண்டல் தோட்ட மண்ணுக்கும் நல்லது. ஆனால் குளத்தின் அடியிலுள்ள களிப்படையை உடைத்துவிடக் கூடாது. உடைந்தால் நீர் கீழே கசிந்து குளம் நிற்காது.

தோட்டத்திலும் இதே கணக்கே. ஒரு மில்லிமீற்றர் நீர் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்றால் ஓர் ஏக்கர்ப் பயிர் 20,000 லீற்றரைக் கேட்கிறது. மிளகாய், கத்தரிப் பாத்திகளின் மேல் வைக்கோல் அல்லது காய்ந்த இலைச்சருகைப் பரப்பி, காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தில் வேலியை உயிர்வேலியாக நெருக்கி வளர்த்தால் இத்தேவை குறையும். நீர் பாய்ச்சுவதை அதிகாலையில் அல்லது மாலையில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நண்பகலில் காற்றடிக்கும்போது தெளிக்கும் நீரில் ஒரு பங்கு மண்ணைச் சேராமலே போய்விடும்.

யாழ்ப்பாணக் கிணறுகளின் நிலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். அங்குள்ள தோட்டங்கள் யாவும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய தரைக்கீழ் நீரையே நம்பியுள்ளன. இந்த நன்னீர், கீழேயுள்ள கடல் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உவர்நீரை விட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை.

இதில் ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். இதனையே மறுபக்கமாகப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மேல்மட்டம் ஓர் அங்குலம் நிலையாகத் தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் நாற்பது அங்குலம் மேலேற இடமுண்டு. மார்கழியில் நிறைந்த நிலத்தடி நீர், புரட்டாதியில்தான் மிகத் தாழ்ந்து நிற்கும். ஆகவே இக்காலத்தில் அளவுக்கு மீறி இறைப்பது ஆண்டின் வேறெக்காலத்தையும் விடக் கேடானது.

துலாவால் இறைத்த நாளில் மனிதக் கை தாங்கிய அளவே நீர் வெளிவந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. எனவே கமக்காரரே வரையறை வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரே மூச்சில் பல மணி நேரம் இறைக்காமல், காலையில் சிறிது நேரமும் மாலையில் சிறிது நேரமுமாகப் பிரித்து இறைத்தால் கிணறு ஊறி நிரம்ப அவகாசம் கிடைக்கும். நீர் குறைந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றின் அடியை மேலும் ஆழமாக்குவது கரையோரப் பகுதிகளில் உவர்நீரைத் தேடிப் போவதாகும். நீரில் உப்புச் சுவை தட்டினால் உடனே இறைப்பைக் குறைத்தல் வேண்டும். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். இலை நுனி காய்ந்து வெளிறுவது அதன் முதல் அடையாளம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மிகையாக இட்ட யூரியா, மழை பெய்ததும் நைத்திரேற்றாகக் கரைந்து நேரே கிணற்றை அடைகிறது. அதே கிணற்று நீரையே குழந்தைகள் குடிக்கின்றனர். மழை தொடங்கும் வாரத்தில் உரத்தை மொத்தமாக இடாமல், பயிர் வளர வளரச் சிறுசிறு பங்காகப் பிரித்து இடுவதே நன்று.

மழை திரும்பும் அடையாளம்

செப்டெம்பர் இறுதியில் சோளகம் தளரத் தொடங்கும். வடஅரைக்கோளக் காற்றும் தென்அரைக்கோளக் காற்றும் சந்திக்கும் மழைப்பட்டை, சூரியனைப் பின்தொடர்ந்து தெற்கே நகர்ந்து தீவின் மேலாக வருகிறது. காற்று ஓய்ந்து புழுக்கம் கூடும். காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகலுக்குப் பின் முகில் கோபுரம்போல் எழும்பும். பிற்பகலில் அல்லது மாலையில் இடியோடு மழை கொட்டும். இது பருவக்காற்று மழையன்று. நிலம் சூடேறி, காற்று மேலெழுந்து உண்டாகும் மழை. ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் ஒரு துளியும் விழாது.

இம்மழையோடு மின்னலும் வருவதால், கறுத்த முகில் எழுந்ததும் திறந்த வயலைவிட்டு வீட்டுக்குத் திரும்புதல் வேண்டும். தனி மரத்தின் கீழ் ஒதுங்குவதும், மண்வெட்டியைத் தோளில் வைத்து வரம்பில் நடப்பதும் உயிருக்கு ஆபத்து.

முதல் மழையை நம்பலாமா?

மானாவாரி விதைப்பில் கமக்காரர் ஏமாறுவது இங்குதான். ஒரு மழை 20 மில்லிமீற்றர் பெய்கிறது என்று கொள்வோம். நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் நான்கு நாட்களில் மேல்மண் மீண்டும் காய்ந்துவிடும். நெல் முளைக்கவும் ஏறத்தாழ அதே நாட்கள் தேவை. முளை வெளிவந்த நேரத்தில் மண் காய்ந்து, அடுத்த மழை ஒரு வாரம் தள்ளிப்போனால் விதை முழுவதும் வீண். மறுபடி விதைக்கப் பணமும் வேண்டும், விதையும் வேண்டும்.

அதற்காகப் பயந்து நவம்பர் வரை காத்திருப்பதும் நன்றன்று. மூன்றரை மாத நெல்லினம் ஒக்டோபர் 10இல் முளைத்தால் ஜனவரி 23 அளவில் அறுவடைக்கு வரும். அதே இனம் நவம்பர் 20இல் முளைத்தால் மார்ச் 5 ஆகிவிடும். அப்பயிர் பெப்ரவரித் தொடக்கத்தில் பூக்கும். வடக்கு, கிழக்குப் பகுதிகளில் ஜனவரிக்குப் பின் மழை வேகமாகக் குறைவதால், பால் பிடிக்கும் காலத்தில் நீரில்லாமல் தவிக்கும். குளத்து நீர் உள்ளவர் தப்பலாம். மானாவாரிக்காரர் தப்ப வழியில்லை. அவ்வாறு பிந்தியவர்கள் மூன்றரை மாத இனத்தை விட்டு, பீஜீ 300 போன்ற மூன்று மாத இனத்தை அல்லது பீஜீ 250 போன்ற இரண்டரை மாத இனத்தை விதைத்தல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழி புழுதி விதைப்பு. நிலத்தை முன்கூட்டியே புழுதியாக உழுது, செப்டெம்பர் இறுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் காய்ந்த மண்ணில் விதைத்து மறுத்துழுது மூடிவிட்டால், சிறு தூறலுக்கு அவ்விதை அசையாது. மண் நன்றாக நனையும் மழை வந்தபின்பே முளைக்கும். மேலாக இறைந்து கிடக்கும் விதையே முதல் தூறலுக்கு முளைத்துக் காய்வதும், எறும்புக்கும் பறவைக்கும் இரையாவதும். நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு, மூன்று பங்காகப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால், ஒரு பங்கு பிழைத்தாலும் மற்றது கைகொடுக்கும்.

தகரத்தால் ஒரு மழைமானி

மழையை அளக்காமல் விதைப்பது நிறுக்காமல் விற்பதற்குச் சமம். அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள பால்மாத் தகரம் ஒன்று போதும். மரம், கூரை எதுவும் மறைக்காத வெளியில், மண்ணில் சிறிது புதைத்து அசையாமல் நிறுத்தி வைத்தல் வேண்டும். நாள்தோறும் காலையில் அதிலுள்ள நீரின் உயரத்தைப் பிள்ளைகளின் அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு நீரை ஊற்றிவிடலாம். இரண்டு, மூன்று ஆண்டுகள் எழுதினால், தம் ஊரில் மழை எப்போது உறுதிப்படுகிறது என்பது தம் கையெழுத்திலேயே கிடைக்கும்.

கடல் சொல்லும் செய்தி

ஒக்டோபர் மழை எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழமையை விடச் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருந்தால் இலங்கையில் ஆண்டிறுதி மழை கூடும் வாய்ப்பு அதிகம். இது மாறி அமைந்தால் மழை குறையக்கூடும். பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ ஆண்டுகளிலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பெரும்பாலும் கூடுகிறது.

2016ஆம் ஆண்டு இந்து சமுத்திரம் பாதகமாக அமைந்தது. அவ்வாண்டின் பெரும்போக மழை பொய்த்துக் குளங்கள் நிரம்பவில்லை. பெருமளவு வயல்கள் விதைக்கப்படாமல் கிடந்தன. 2017இல் நாடு அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. 2019இல் நிலைமை நேர்மாறாக அமைந்து ஆண்டிறுதியில் பலத்த மழையும் வெள்ளமும் ஏற்பட்டன. கடலின் போக்கு செப்டெம்பரிலேயே ஓரளவு தெரிந்துவிடும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போவது பயன்தரும். ஆனால் அது வாய்ப்பைத்தான் சொல்லும். நாளையும் நாழிகையையும் சொல்லாது.

இப்போது செய்யவேண்டியவை

1. அறுவடை முடிந்த வயலில் ஈரம் சிறிதேனும் இருக்கும்போதே கோடை உழவு செய்தல். இது களையையும் புழுக்கூட்டையும் வெயிலுக்குக் காட்டும். மழைநீரை மண்ணுள் இறங்கச் செய்யும்.

2. வைக்கோலை எரிக்காமல் வயலில் பரப்புதல் அல்லது தோட்டத்து மூடாக்குக்குச் சேர்த்தல்.

3. வரம்புகளில் நண்டு வளைகளையும் எலி வளைகளையும் அடைத்து, வரம்பை உயர்த்திக் கட்டுதல்.

4. வாய்க்காலைத் துப்புரவாக்கும்போது வடிகாலையும் துப்புரவாக்குதல். வரட்சியை அடுத்து வருவது வெள்ளம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் இப்பருவத்தை அடுத்து வந்ததே.

5. விதைநெல்லில் நூறு மணியை ஈரச்சாக்கில் சுற்றி வைத்து ஒரு வாரத்தில் எண்ணிப் பார்த்தல். 85க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. நல்ல விதையாயின் ஏக்கருக்கு 2 புசல் போதும்.

6. விதையில் ஒரு பங்கை மறுவிதைப்புக்காகக் கையிருப்பில் வைத்தல். முழுவதையும் விற்றுவிடுதல் ஆகாது.

7. சேமிக்கும் நெல்லை இந்த வெயிலிலேயே நன்கு உலர்த்துதல். ஐப்பசி ஈரம் வந்தபின் உலர்த்த வெயில் கிடைக்காது.

8. குடாநாட்டில் கேணி, குட்டை, ஊர்க்குளங்களைத் தூர்வாருதல். அங்கே தேங்கும் நீரே அடுத்த புரட்டாதியில் கிணற்றில் ஊறும்.

வரட்சி தீவுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. வரும் திசையும் தெரியும், போகும் மாதமும் தெரியும். தெரியாதது முதல் மழையின் நாள் ஒன்றே. அந்நாள் எப்போது வந்தாலும், உழுத நிலமும் உலர்ந்த விதையும் கட்டிய வரம்பும் ஆயத்தமாக இருந்தால், அம்மழையின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஏக்கருக்கு 4,000 லீற்றராக வயலிலேயே தங்கும்.